அந்திக்கணக்கும் அதன் பிரதியும்

தை, மாசி மாதங்களில் பொழுது சாய்ந்தபின் அச்சரப்பாக்கத்துக் கடைத்தெரு வழியாக நடந்து செல்பவர், உமியின் வாசனையும் லாரிகளின் இரைச்சலும் நிரம்பிய அந்த வேளையில், பாதி இறக்கிய ஷட்டர்களுக்கு உள்ளேயிருந்து ஒரே கேள்வி வெவ்வேறு குரல்களில் எழுவதைக் கேட்கலாம். “பேக்கப் எடுத்தாச்சா?” என்பதே அக்கேள்வி. நெல் மண்டியிலும், உரக்கடையிலும், சிமென்டும் கம்பியும் விற்கும் கடையிலும், நெடுஞ்சாலை ஓரத்து ஆடிட்டர் அலுவலகத்திலும் நாள்தோறும் கேட்கப்படும் இந்த இரண்டு சொற்களுக்குள், ஒரு வியாபாரத்தின் வரவும் செலவும், குடியானவருக்குக் கொடுக்க நிற்கும் பாக்கியும், வெளியூர் வியாபாரியிடமிருந்து வரவேண்டிய தொகையும், அரசாங்கத்துக்குச் செலுத்தவேண்டிய வரியும் ஆகிய அனைத்தும் அடங்கியிருக்கின்றன. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கணக்கெழுதிப் பிழைத்தவன் என்ற முறையில், அக்கேள்வியைக் கேட்கும் முதலாளிகளிடம் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. கேட்காத முதலாளிகளைப் பற்றி எனக்குக் கவலையும் உண்டு.

என் தந்தையார் இதே ஊரில் ஒரு மண்டியில் கணக்கராக இருந்தவர். பகலெல்லாம் மூட்டை எடைபோடும் இடத்தில் நின்று சிட்டையில் பென்சிலால் குறித்தவற்றை, இரவு சாப்பாட்டுக்கு முன் ரொக்கப் புத்தகத்தில் மையால் எழுதி, மறுநாள் காலையில் அவற்றையே ஆளுக்கொரு பக்கமாகப் பேரேட்டில் ஏற்றுவார். சித்திரை முதல் நாளில் மூலைகளில் மஞ்சள் தடவிப் பிள்ளையார் சுழி போட்டுத் தொடங்கிய புதுக்கணக்குப் புத்தகம் ஆண்டு முடிவில் நிரம்பும்போது, ஒவ்வொரு தொகையும் மூன்று இடங்களில் எழுதப்பட்டிருக்கும். கரையான் ஒன்றை அரித்துவிட்டாலும் மற்ற இரண்டைக் கொண்டு அதைத் திரும்ப எழுதிவிடலாம். அக்காலத்தில் பிரதியெடுத்தல் தனியானதொரு காரியமாக இருக்கவில்லை; கணக்கெழுதுவதே பிரதியெடுப்பதாக இருந்தது. கணிப்பொறி வந்தபின், ஒரு தொகையை ஒருமுறை பதிந்தால் போதும், பேரேடும் ஐந்தொகையும் சரக்கிருப்பும் கண் இமைக்கும் நேரத்தில் தாமாகவே உருவாகிவிடும் என்ற வசதி கிடைத்தது. அந்த வசதியின் மறுபக்கத்தை நாங்கள் வெகுநாள் கவனிக்கவில்லை. திரையில் விதவிதமாகத் தோன்றும் அத்தனை புத்தகங்களும் உண்மையில் ஒரே தட்டில் எழுதப்பட்ட ஒரே எழுத்துத்தான்; அந்தத் தட்டு பழுதானால் எல்லாப் புத்தகங்களும் ஒருங்கே போய்விடும். பிரதியெடுத்தல் கணக்கெழுதுவதினின்று பிரிந்து, மனிதன் நினைவு வைத்துச் செய்யவேண்டிய தனிக் காரியமாகிவிட்டது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான், 2020 நவம்பரில் டாலி என்னும் கணக்கு மென்பொருள் தன் பழைய உருவத்தைக் களைந்து ‘டாலி பிரைம்’ என்ற புதிய உருவத்தில் வெளிவந்தபோது, எங்களைப் போன்ற சிற்றூர்க் கணக்கர்களிடையே எழுந்த சலசலப்பின் உண்மையான காரணம் விளங்கும்.

டாலியின் வரலாறு இந்திய வியாபாரிகள் அறிந்திருக்கவேண்டிய ஒன்று. பெங்களூரில் ஆலைகளுக்குச் சாமான்கள் விநியோகித்துவந்த சியாம் சுந்தர் கோயங்கா, தம் வியாபாரத்துக்கு ஏற்ற கணக்கு மென்பொருள் ஒன்றும் சந்தையில் அகப்படாமையால், கணிதம் படித்த தம் மகன் பாரத் கோயங்காவைக் கொண்டு ஒன்றை எழுதச் செய்தார். 1986ஆம் ஆண்டில் அதுவே ஒரு ஸ்தாபனமாயிற்று. அந்நாளைய மென்பொருள்களில் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு குறியீட்டு எண் கொடுத்து, அந்த எண்களை மனப்பாடம் செய்துகொண்டு பதியவேண்டியிருந்தது. ஒரு வியாபாரி தம் வாடிக்கையாளரைப் பெயரால் அறிவாரேயன்றி எண்ணால் அறியமாட்டார் என்ற எளிய உண்மையை உணர்ந்து, அந்தக் குறியீடுகளை அறவே ஒழித்ததுதான் டாலியின் பெருவெற்றிக்குக் காரணம் என்பது என் அபிப்பிராயம். 2006இல் வந்த டாலி 9 தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளிலும் இயங்கியது. 2007 ஜனவரியில் தமிழ்நாட்டில் மதிப்புக் கூட்டு வரி வந்ததும், 2009இல் டாலி ஈ.ஆர்.பி. 9 வெளியானதும், 2017 ஜூலை 1 முதல் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்ததும், சிறிய கடைகளையும் கணிப்பொறியின் முன் உட்கார வைத்தன. இவ்வாறு பதினோரு ஆண்டுக் காலம் ஒரே திரையைப் பார்த்துப் பழகிய கண்களுக்கும் விரல்களுக்கும் முன்னால்தான் 2020இல் புதிய திரை விரிந்தது.

அந்த மாற்றங்களை நேரில் கண்டவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன். பழைய முகப்பில் கணக்கு விவரங்கள் ஓரிடத்திலும் சரக்கு விவரங்கள் வேறோரிடத்திலும் இருந்தன; புதியதில் இரண்டும் ஒன்றாயின. முன்பு எந்த அறிக்கைக்குப் போகவேண்டுமானாலும் வந்த வழியே திரும்பி முகப்புக்கு வந்து, அங்கிருந்து படிப்படியாக இறங்கவேண்டும். இப்பொழுது ஆல்ட், ஜி என்ற இரண்டு விசைகளை அழுத்தி வேண்டிய அறிக்கையின் பெயரைத் தட்டினால், செய்துகொண்டிருக்கும் வேலையைக் கலைக்காமலே அங்கே போய்விடலாம். விற்பனைக்கு எஃப் 8, கொள்முதலுக்கு எஃப் 9 என்பவை மாறவில்லை. ஆனால் சரக்குத் திரும்பி வந்தால் போடும் கிரெடிட் நோட்டுக்குக் கண்ட்ரோலுடன் எஃப் 8ஐ அழுத்திப் பழகியவர்கள், இனி ஆல்ட்டுடன் எஃப் 6ஐ அழுத்தவேண்டும் என்றாயிற்று; நிறுவனத்தைத் திறக்கவும் மூடவும் இருந்த விசைகளும் இடம் மாறின. சந்தா நடப்பில் இருந்தவர்களுக்குப் புதிய பதிப்பு கூடுதல் செலவின்றியே கிடைத்தது. ஆகவே ஆக்ஷேபம் பணத்தைப் பற்றியதன்று.

புதிதாய் வேலைக்கு வந்தவர்கள் இதை வரவேற்றார்கள். மதுராந்தகத்திலும் செங்கற்பட்டிலும் பி.காம். படித்துவிட்டுக் கடைகளில் கணக்கெழுத வந்த இளம் பெண்கள், ஒரு வாரத்திற்குள் புதிய திரையில் கை ஓடப் பழகிவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். கணக்கியல் படிக்காத கடை முதலாளிகளும், ‘எதை எங்கே தேடுவது என்று தெரியாமல் தவித்தோம், இப்பொழுது பெயரைத் தட்டினால் வந்துவிடுகிறது’ என்று மகிழ்ந்தார்கள். ஆடிட்டர்களில் பலருக்கும் இது பிடித்திருந்தது. ஒரே நேரத்தில் பல நிறுவனங்களின் கணக்கைப் புரட்டவேண்டியவர்களுக்கு, வேலையைக் கலைக்காமல் அறிக்கைக்கு அறிக்கை தாவுவது பெரிய வரப்பிரசாதம். எதிர்ப்பெல்லாம் நடுத்தர வயதைக் கடந்த கணக்கர்களிடமிருந்தே வந்தது. இவர்கள் மாற்றத்துக்கு அஞ்சுகிறார்கள், பழகிய செருப்பை விடமாட்டார்கள் என்று சிலர் எளிதாகச் சொல்லி ஒதுக்கினார்கள். அவ்வாறு ஒதுக்கியது சரியன்று என்பதை வற்புறுத்தவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஒரு கணக்கர் ஒரு நாளில் இருநூறு, முந்நூறு பதிவுகள் போடுகிறார். அவருடைய கண் பில்லின் மீது இருக்கிறது. காது கடையில் நடக்கும் பேச்சில் இருக்கிறது. விசைப்பலகையில் இருப்பது விரல்கள் மட்டுமே. மிருதங்கக்காரரின் விரல்கள் எவ்வாறு யோசனைக்குக் காத்திராமல் வாசித்துக்கொண்டு போகின்றனவோ அவ்வாறே கணக்கரின் விரல்களும் போகின்றன. அந்த விரல்களுக்குத் தெரிந்த பாடத்தை ஒரே இரவில் மாற்றினால், பிழை நேர்வது பகல் வேலையில் மட்டுமன்று. பகல் பிழைகள் அன்றன்றே தெரிந்துவிடும், திருத்திக்கொள்ளலாம். நான் கவலைப்படுவது அந்தி வேளையில் செய்யவேண்டிய காரியம் விட்டுப்போவதைப் பற்றி.

பழைய ஈ.ஆர்.பி. 9இல் ஆல்ட்டுடன் எஃப் 3ஐ அழுத்தினால் நிறுவனத் தகவல் என்ற ஒரு சிறு பட்டியல் திரையின் நடுவே வரும். நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தல், மூடுதல், புதிதாய் உருவாக்குதல், திருத்துதல் என்பவற்றுக்குக் கீழே அதே பட்டியலில் பேக்கப், ரீஸ்டோர் என்ற இரண்டு வரிகளும் இருக்கும். காலையில் கணக்கைத் திறக்க அந்தப் பட்டியலுக்குப் போனவருடைய கண்ணில் அவ்விரு வரிகளும் படும். மாலையில் மூடப் போகும்போதும் படும். கடையைப் பூட்டுபவர் சாவியை எடுக்க ஆணியைப் பார்க்கும்போது பக்கத்து ஆணியில் தொங்கும் குடையும் கண்ணில் படுவதுபோல, பிரதியெடுக்கும் நினைவு அந்தப் பட்டியலிலேயே தங்கியிருந்தது. புதிய பிரைமில் நிறுவனத்தைப் பற்றியவை ஆல்ட், கே என்ற பட்டியலுக்கும், பேக்கப்பும் ரீஸ்டோரும் ஆல்ட், ஒய் என்ற ‘டேட்டா’ப் பட்டியலுக்கும் போய்விட்டன. தர்க்கத்தின்படி இது மிகவும் நேர்த்தியான ஏற்பாடு; நிறுவனம் வேறு, அதன் தரவு வேறு என்று வகுத்தவரை நான் குறை சொல்லமாட்டேன். திரையின் உச்சியில் அந்தப் பெயர் எப்பொழுதும் தெரியும்படி வைத்திருப்பதும் உண்மையே. ஆயினும் தர்க்கத்தின் வரிசை வேறு, மனிதன் கடையைத் திறந்து மூடுகிற வரிசை வேறு. முன்னதன்படி அடுக்கும்போது பின்னதில் எது அறுந்து போகிறது என்று பார்க்கவேண்டிய கடமை, திரையை வரைபவருக்கு உண்டு. புதிய பதிப்புக்கு மாறிய முதல் சில மாதங்களில் எத்தனை பேர் பிரதியெடுக்க மறந்தார்கள் என்று நான் ஊரை ஒரு சுற்றுச் சுற்றி விசாரித்தபோது, எனக்குத் தெரிந்த ஏழு கணக்கர்களில் நால்வர், ‘வாரக்கணக்கில் விட்டுப்போச்சு’ என்றே சொன்னார்கள். அவர்களுள் ஒருவரும் சோம்பேறியல்லர்.

என் சொந்த அநுபவம் ஒன்றையும் இங்கே சொல்லிவிடுவது நியாயம். பல ஆண்டுகளுக்கு முன், பழைய பதிப்பின் காலத்தில், நான் ஓர் அரிசி ஆலைக்குக் கணக்கெழுதிவந்தேன். ஆலையின் பெயர் இங்கே வேண்டாம். ஒருநாளும் தவறாமல் மாலையில் பேக்கப் எடுப்பேன். ஒரே பென்டிரைவில், ஒரே இடத்தில். பேக்கப் கோப்புக்கு எப்பொழுதும் ஒரே பெயர்தான் வரும். ஆகவே இன்றைய பிரதி நேற்றைய பிரதியின் மேலேயே எழுதப்பட்டுவிடும். ஒரு புரட்டாசி மாதத்தில் மின்சாரம் விட்டுவிட்டு வந்த ஒரு நாளில், யு.பி.எஸ். கைவிட்டதால் பதிவின் நடுவே கணிப்பொறி அணைந்தது. திரும்பப் போட்டதும் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றிற்று. நானும் அன்று மாலை வழக்கப்படி பேக்கப் எடுத்தேன். உண்மையில் அன்று தரவு உள்ளே சிதைந்திருந்தது. நல்ல நிலையில் இருந்த நேற்றைய பிரதியின் மேல், சிதைந்த இன்றைய தரவை நானே என் கையால் எழுதிவிட்டேன். இரண்டு நாள் கழித்து அந்த ஆண்டின் கணக்கு திறக்க மறுத்தபோது, பென்டிரைவில் இருந்ததும் திறக்க மறுத்தது. ஏப்ரல் முதல் அன்று வரையிலான பில்களைத் தரையில் பரப்பி, நானும் என் மனைவியும் பத்தொன்பது இரவுகள் உட்கார்ந்து எல்லாவற்றையும் மீண்டும் பதிந்தோம். அவள் தொகையைப் படிப்பாள், நான் பதிவேன். சில பில்களில் மை மங்கியிருந்தது, அவற்றை விளக்கின் மேல் பிடித்துப் படிப்பாள். நாள்தோறும் பிரதியெடுத்தவனுக்கே இந்தக் கதி நேர்ந்தது என்றால், காரணம் ஒன்றுதான். பிரதி எடுத்தேனேயொழிய, அதைத் திறந்து பார்த்ததில்லை. பழைய பிரதியை ஒதுக்கி வைத்ததுமில்லை.

உலகத்தில் பெரிய ஸ்தாபனங்களுக்கும் இதே காரணத்தால் இதே கதி நேர்ந்திருக்கிறது. மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் என்ற ஸ்தாபனத்தில், 2017 ஜனவரி 31 அன்று ஒரு பொறியாளர், துணைச் சேவையகத்தில் அழிக்க எண்ணியதை முதன்மைச் சேவையகத்தில் அழித்துவிட்டார். பிரதிகளைத் தேடியபோது, நாள்தோறும் ஓடவேண்டிய பிரதியெடுப்பு பதிப்புப் பொருந்தாமையால் பல நாட்களாகவே தோற்றுக்கொண்டிருந்ததும், தோல்வியை அறிவிக்கும் கடிதங்கள் எவருக்கும் போய்ச் சேராததும் தெரியவந்தன. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு காரியத்துக்காக எடுத்து வைத்திருந்த ஒரு பிரதிதான் அவர்களைக் காப்பாற்றிற்று. தென்கொரியாவின் டேஜான் நகரத்து அரசாங்கத் தரவு மையத்தில் 2025 செப்டம்பர் 26 அன்று பற்றிய தீ, அரசு ஊழியர்களின் 858 டெராபைட் கோப்புகளைக் கொண்டுபோயிற்று; அளவு மிகப் பெரிதாகையால் வேறிடத்தில் பிரதி வைக்கப்படவில்லை என்று அதற்குக் காரணம் சொன்னார்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்களோடு சாம்பலான ஏடுகளை நினைக்கும் தமிழர் எவருக்கும், ஒரே ஒரு பிரதி மாத்திரம் இருப்பது என்றால் என்னவென்று விளக்கவேண்டியதில்லை.

நம் சுற்றுவட்டாரத்து முன்னோர் இவ்விஷயத்தில் நம்மைவிட ஜாக்கிரதையாக இருந்தார்கள். இங்கிருந்து அதிக தொலைவில் இல்லாத திருக்கழுக்குன்றத்தில் முதலாம் ஆதித்த சோழனுடைய 27ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஸ்கந்தசிஷ்யன் என்ற மன்னன் அக்கோயிலுக்கு விட்ட நிலத்தை, வாதாபி கொண்ட நரசிம்மவர்மன் அவ்வாறே காத்தான். அதே முறைப்படி நானும் வைத்தேன் என்று சோழன் அதில் பதிவு செய்திருக்கிறான். மூன்று மன்னர்களின் ஆட்சிகளைக் கடந்து ஒரு தானக் கணக்கு மீண்டும் மீண்டும் உறுதிசெய்யப்பட்டதற்கு, இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. கோயிலை இடித்துப் புதுப்பிக்கும்போது, பழைய சுவரின் கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவரில் பொறித்து, இது பழங்கல்லின் படி என்று குறித்து வைத்த வழக்கமும் சோழநாட்டில் இருந்தது. கட்டடத்தின் உருவத்தை மாற்றியவர்கள், கணக்கை முதலில் பத்திரப்படுத்திவிட்டுப் பின்னரே கல்லைப் பெயர்த்தார்கள். இன்றைய மென்பொருள் ஸ்தாபனங்கள் புதிய பதிப்பைக் கொடுக்கும்போது செய்யவேண்டியதும் இதுவே.

பதினெட்டாம் நூற்றாண்டில், செங்கற்பட்டு ஜாகீர் ஆங்கிலக் கம்பெனியின் கைக்கு வந்தபின், 1767 முதல் 1774 வரை பொறியாளர் பார்னார்டு ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து விவரம் சேகரித்தார். நிலம், வீடுகள், தொழில்கள், யாருக்கு எவ்வளவு மானியம் என்பவற்றையெல்லாம் அந்தந்த ஊர்க் கணக்குப்பிள்ளைகள் தமிழ் ஓலையில் எழுதிக் கொடுத்தார்கள். அவற்றின் சுருக்கம் ஆங்கிலத்தில் காகிதத்தில் எழுதப்பட்டது. ஓலைகள் இன்று தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும், ஆங்கிலச் சுருக்கங்கள் சென்னை ஆவணக் காப்பகத்திலும் இருக்கின்றன. இரண்டு மொழி, இரண்டு பொருள், இரண்டு ஊர். பிரதிகள் மூன்று இருக்கவேண்டும், அவை இருவேறு ஊடகங்களில் இருக்கவேண்டும், ஒன்று வேறிடத்தில் இருக்கவேண்டும் என்று அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் வகுத்த விதியைத் தொழில்நுட்ப நிபுணர்கள் இன்று மந்திரம்போல் சொல்கிறார்கள். அதன் பெரும்பகுதி இந்த ஜாகீர்க் கணக்கில் தானாகவே அமைந்துவிட்டது.

அரசாங்கத்தின் சட்டமும் இந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது. சரக்கு சேவை வரி விதிகளில் 57ஆவது விதி, மின்னணு முறையில் கணக்கு வைத்திருப்போர், விபத்தாலோ இயற்கைக் காரணங்களாலோ அது அழிந்தால் நியாயமான காலத்துக்குள் மீட்கத்தக்க விதத்தில் பிரதி வைத்திருக்கவேண்டும் என்கிறது. ‘மீட்கத்தக்க விதத்தில்’ என்ற சொற்களே எனக்கு முக்கியமாய்ப் படுகின்றன; பிரதி இருந்தால் போதாது, அது திறக்கவும் வேண்டும். கம்பெனிகளாகப் பதிவு செய்தவர்களுக்கு நிபந்தனை இன்னும் கடுமை. மின்னணுக் கணக்குப் புத்தகங்களின் பிரதி, இந்தியாவுக்குள் இருக்கும் சேவையகத்தில் அவ்வப்போது வைக்கப்படவேண்டும் என்றிருந்த விதி, 2022 ஆகஸ்ட் 5இல் நாள்தோறும் வைக்கப்படவேண்டும் என்று திருத்தப்பட்டது. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பெய்து, தரைத்தளத்துக் கடைகளிலும் அலுவலகங்களிலும் மேசைக்குக் கீழே வைத்திருந்த கணிப்பொறிகள் மூழ்கியதைக் கண்டவர்களுக்கு, இயற்கைக் காரணம் என்ற சொல் வெறும் சட்டப் பாஷையன்று. அன்று பென்டிரைவும் அதே மேசையின் இழுப்பறையில்தான் இருந்தது.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்கையில், புதிய திரையை விமர்சித்தவர்களில் இரு சாராரும் ஒரு பாதியைப் பார்த்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. புகழ்ந்தவர்கள், வேலை எளிதாயிற்றா என்று பார்த்தார்கள். பழித்தவர்கள், விசை மாறிற்றா என்று பார்த்தார்கள். போன கணக்கை மீட்பது எளிதாயிற்றா என்று பார்த்தவர்கள் மிகச் சிலர். வேலை எளிதாயிற்று என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆறு மாதத்தில் என் கையும் பழகிவிட்டது, இன்று பழைய திரைக்குத் திரும்பச் சொன்னால் நான் திரும்பமாட்டேன். ஆயினும் ஸ்தாபனத்தார் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கலாம். மாலையில் நிறுவனத்தை மூடும்போது, ‘இன்று பிரதி எடுக்கவில்லை’ என்று திரையே ஒரு வரி சொல்லியிருந்தால், எங்கள் முதலாளிகளின் குரல் செய்துவந்த காரியத்தை அது செய்திருக்கும். 2023இல் வந்த மூன்றாம் வெளியீட்டில், பழைய தரவைப் புதிய அமைப்புக்கு மாற்றியபின் அதைப் பழைய பதிப்பில் திறக்க முடியாது என்றானபோது, மாற்றுவதற்கு முன் பிரதியெடுக்கும்படி கணக்கர்களுக்கு அழுத்தமாகச் சொல்லப்பட்டது. அதன் மதிப்பை நாங்கள் நன்கு உணர்ந்தோம். கல்லைப் பெயர்க்குமுன் படியெடுத்தல் என்பது அதுதான்.

இதே சென்னைப் பக்கத்தில், பிரதியெடுத்தலையே முழுத் தொழிலாகக் கொண்ட ஸ்தாபனமும் உண்டு. சேகர் வேம்பு நிறுவிய வேம்பு டெக்னாலஜீஸ், முதலில் ஸ்டோர்கிரிட் என்ற பெயரிலும், பின்னர் பி.டி.ஆர். சூட் என்ற பெயரிலும், அலுவலகங்களின் சேவையகங்களுக்குப் பிரதியெடுக்கும் மென்பொருளை உலகின் பல நாடுகளுக்கு விற்றுவந்திருக்கிறது. பி.டி.ஆர். என்ற மூன்றெழுத்தில் பேக்கப் மட்டுமன்றி, பேரிடரிலிருந்து மீளுதலும் அடங்கியிருக்கிறது. கோப்புகளைப் படியெடுப்பதோடு நில்லாமல், கணிப்பொறியின் முழு உருவத்தையே படியெடுத்து, வேறொரு பொறியில் எழுப்பி நிறுத்துவது அதன் நோக்கம். இத்தகைய கருவிகள் பெரிய அலுவலகங்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. நெல் மண்டிக்கு வந்து சேரவில்லை. கையில் இருக்கும் பென்டிரைவையே ஒழுங்காகப் பயன்படுத்துவது இங்கே பொருந்தும் என்று நான் எல்லாரிடமும் சொல்லிவருகிறேன். கிழமைக்கு ஒன்றாக ஏழு உறைகள், மாதக் கடைசிக்கு ஒரு தனி உறை. எடுத்ததும் பென்டிரைவைக் கணிப்பொறியிலிருந்து கழற்றிவிடவேண்டும், ஏனெனில் தரவைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் நச்சு நிரல்கள், சொருகியே இருக்கும் பென்டிரைவையும் சேர்த்தே பூட்டிவிடும். மாதம் ஒருமுறை வேறொரு கணிப்பொறியில் ரீஸ்டோர் செய்து பார்க்கவேண்டும். அப்படிச் செய்யும்போது, நடப்புக் கணக்கின் மேல் பழையதை எழுதிவிடாதபடி தனிக் கோப்புறையில் திறக்கவேண்டும்.

எங்கள் ஊரின் பெயரைப் பற்றித் தலபுராணம் சொல்வது எல்லோருக்கும் தெரியும். திரிபுரங்களை அழிக்கப் புறப்பட்ட சிவபெருமானுடைய தேர், பூமியே தட்டாகவும் சூரிய சந்திரர்களே சக்கரங்களாகவும் தேவர்கள் கூடிச் சமைத்த புதுத்தேர், புறப்படுமுன் விநாயகரை வணங்க மறந்தமையால் இங்கே அச்சு முறிந்து நின்றது. அச்சு இற்ற இடமே அச்சிறுபாக்கம் ஆயிற்று, அதுவே அச்சரப்பாக்கம் என்று மருவிற்று என்பார்கள். சிறுவயதில் ஆட்சீஸ்வரர் கோயிலில் இந்தக் கதையைக் கேட்டபோதெல்லாம், தேர் எவ்வளவு பெரியது என்றுதான் நான் தந்தையாரைக் கேட்பேன். அவர் அதற்குப் பதில் சொல்லாமல், மறந்தது எவ்வளவு சிறிய காரியம் பார் என்பார்.

சென்ற மாதக் கடைசியில் ஒரு மண்டியில் உட்கார்ந்திருந்தேன். அங்கே கணக்கெழுதும் பெண் டாலி பிரைமில் மட்டுமே பழகியவள்; பழைய திரையை அவள் பார்த்ததில்லை. எட்டு மணிக்கு முதலாளி செருப்பை மாட்டிக்கொண்டே, “பேக்கப் எடுத்தாச்சாம்மா?” என்றார். “எடுத்துட்டேன் அண்ணே, சார்தான் போட்டுப் பாக்கச் சொன்னாரு, அதுவும் பாத்துடுறேன்” என்று அவள் என்னைக் காட்டினாள். பின்கட்டில் எடை மேடைக்காக வைத்திருந்த பழைய கணிப்பொறிக்குப் பென்டிரைவைக் கொண்டுபோய், தனிக் கோப்புறையில் திறந்து, சரக்கிருப்பைத் திரையில் வரவழைத்தாள். பொன்னி நெல் எத்தனை மூட்டை என்று முன் அறையிலிருந்து நான் படித்தேன். அவள் பின்கட்டிலிருந்து அதே எண்ணைத் திருப்பிச் சொன்னாள். ரொக்கக் கையிருப்பு எவ்வளவு என்று படித்தேன். காசு சுத்தமாக ஒத்து வந்தது. பிறகு பென்டிரைவைக் கழற்றிப் பழுப்பு உறையில் போட்டு, தேதியை எழுதி, நாக்கால் நனைத்து ஒட்டினாள். முதலாளி அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ரயில் நிலையப் பக்கம் இருக்கும் தம் வீட்டுக்குப் புறப்பட்டார்.